1,92,000 கிலோமீட்டர் ஓடிய சிட்டி: செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டு ஹோண்டா சிட்டி 2010 டிசம்பரில் கோவையில் பதிவான கார். 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் மேனுவல் பெட்டியும் கொண்ட அந்தக் கார், பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடியும் தறுவாயில் 1,92,000 கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. ஆர்.சி. புதுப்பிப்பதற்கு முன் முழுதாகப் பார்த்துவிடலாம் என்று எங்கள் மெக்கானிக்கிடம் விட்டபோது, கிளட்ச் செட், முன்பக்க ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்மும், என்ஜின் மவுன்ட், ரேடியேட்டரும் ஹோஸ்களும், ஏசி கூலிங் காயில், நான்கு டயர் என்று அவர் எழுதிக் கொடுத்த பட்டியலின் மொத்தம் 1,02,000 ரூபாய். சந்தையில் அந்தக் காருக்கு இரண்டு லட்சத்தைச் சுற்றியே விலை கேட்டார்கள். காரின் விலையில் பாதியை அதற்கே செலவழிப்பதா என்று வீட்டில் அனைவரும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு மாதம் போட்ட கணக்கையும் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. செப்பனிடும் செலவை காரின் சந்தை விலையோடு ஒப்பிடுவது பழக்கமாகிவிட்ட முறை என்றாலும், அது விற்கப்போகிறவருக்கு மட்டுமே பொருந்துகிற ஒப்பீடு. காரை வைத்து ஓட்டப்போகிறவர், அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு இந்தக் காரில் போய்வர ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், வேறொரு காரில் போய்வர எவ்வளவு ஆகும் என்றுதான் ஒப்பிட வேண்டும். இப்படிக் கேட்டவுடன் எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன: இதையே செப்பனிட்டு வைத்துக்கொள்வது, ஆறேழு ஆண்டு ஆன இன்னொரு பெட்ரோல் செடானை வாங்குவது, புதிய சிறு செடான் ஒன்றை வாங்குவது.

முதல் வழியை எடுத்துக்கொள்ளலாமா என்பதையே காரின் நிலைதான் தீர்மானிக்க வேண்டும். கிலோமீட்டர் எண் அதைத் தீர்மானிப்பதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறித்த காலத்தில் ஆயில் மாற்றி, பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடி இரண்டு லட்சத்தை எட்டிய கார், நகரத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டராக ஓடி எண்பதாயிரம் காட்டும் காரைவிட நல்ல நிலையில் இருப்பதை எந்த அனுபவமுள்ள மெக்கானிக்கும் ஒப்புக்கொள்வார். என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் நிறுத்தப்படும்போது ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து தங்கிவிடுகின்றன. கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் தேய்மானத்தையும் கடந்த தூரத்தைவிட நின்று கிளம்பிய எண்ணிக்கையே கூட்டுகிறது.

எனவே செலவு செய்வதற்கு முன் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்தோம். நீலப் புகை தெரிந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்; வெண்புகை சூடேறிய பின்னும் நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உண்டாகும் அழுத்தம், பார்த்தோம். அளவு கூடுதலா குறைவா என்பதோடு, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதும் முக்கியம். ஆயிலை நிரப்பி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, டிப்ஸ்டிக்கில் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொண்டோம். ஸ்கேனர் போட்டு, விளக்கு எரியாமலே பதிவாகியிருக்கும் கோளாறு எண்களையும் படித்தோம். இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான் இருக்கிறது. அதைக் காலக்கெடு வைத்து மாற்ற வேண்டியதில்லை என்றாலும், ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் சலசலப்பு கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுகளுக்கு விடப்படும் சிறு இடைவெளியை, கையால் சரிசெய்ய வேண்டிய என்ஜின் இது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த வேலை ஆண்டுக்கணக்கில் செய்யப்படாமல் இருந்தால் ஐட்லிங் நடுக்கத்துக்கும் மைலேஜ் குறைவுக்கும் வேறு காரணம் தேட வேண்டியிராது.

என்ஜினைவிட முக்கியமாக நான் கருதுவது அடித்தட்டை. என்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம், கியர் பெட்டியை மாற்றலாம். துருப்பிடித்த பாடியை நம் செலவுக்குள் மீட்பது நடவாத காரியம். காரை லிப்டில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழே ஓடும் நீண்ட சட்டத்தையும், ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடத்தையும், சக்கரக் குழிவின் உட்புறத்தையும், முன்பக்கத்தில் என்ஜினைத் தாங்கும் கிராஸ் மெம்பரையும் திருப்புளியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டு, முன் இருக்கைக்குக் கீழே கார்ப்பெட்டின் அடியில் ஈரம் தேங்கி, மேலிருந்து பார்த்தால் தெரியாமலே தட்டு அரித்துவிடுவதும் உண்டு. கோவை போன்ற கடலில்லா ஊரில் பதினைந்து ஆண்டு நின்ற கார் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ சென்னையின் கடற்கரைப் பகுதியிலோ திறந்தவெளியில் நின்ற கார் தேறாமல் போனால், மேற்கொண்டு எந்தக் கணக்கும் போடாமல் இரண்டாவது அல்லது மூன்றாவது வழிக்குப் போய்விடுவதே சரி.

எங்கள் கார் இவை அனைத்திலும் தேறியது. அடித்தட்டில் மேலோட்டமான துரு மட்டும் இருந்தது. ஆயில் இறக்கம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கும் குறைவு.

இனிப் பணக்கணக்கு. நாங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்பதை வைத்துப் போட்ட கணக்கு இது; வாங்குவிலை, விற்பனை விலை பற்றியவை என் மதிப்பீடுகள், ஆகவே படிப்பவர் தம் ஊர் நிலவரத்தை இட்டுக்கொள்ள வேண்டும். செப்பனிடும் செலவு 1,02,000 ரூபாயோடு ஆர்.சி. புதுப்பிப்பு தொடர்பான செலவுகளையும் சேர்த்து 1,10,000 என்று கொண்டால், நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 27,500 ஆகிறது. பழைய காரில் திட்டமிடாத செலவு வந்தே தீரும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வீல் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் பூட் என்று ஏதாவது ஒன்று போகும் என்பதால் அதற்கென ஆண்டுக்கு 25,000 ஒதுக்கினேன். இரண்டு லட்சம் பெறும் கார் நான்கு ஆண்டில் ஒரு லட்சத்துக்கு இறங்கும் என்றால் அது இன்னொரு 25,000. ஆக, ஆண்டுக்கு 77,500 ரூபாய்.

ஆறு லட்சத்துக்கு 2019 அல்லது 2020 மாடல் செடான் வாங்கினால், வாங்கியதும் டயர், பேட்டரி, பெயர் மாற்றம் என்று 70,000 ஆகும். நான்கு ஆண்டு கழித்து மூன்றரை லட்சத்துக்கு விற்றால் ஆண்டுக்கு 80,000 கரைந்திருக்கும். எதிர்பாராத செலவுக்கு 10,000 போதும் எனலாம். ஆனால் பழைய காரை விற்ற இரண்டு லட்சம் போக, கையிலிருந்து மேலும் நான்கு லட்சம் முடங்குகிறது. முதல் வழியில் செலவாகும் தொகையைக் கழித்த பின்னும் அந்தப் பணம் வைப்புநிதியில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியை 20,000 என்று சேர்த்தால் மொத்தம் 1,10,000 வருகிறது. பெட்ரோலில் ஆண்டுக்குப் பத்தாயிரம் மிஞ்சக்கூடும் என்பதால், ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு ஆண்டுக்கு இருபத்து மூவாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. பழைய காரை வைத்திருப்பதால் பெரும் பணம் மிச்சமாகிறது என்று நான் நம்பியிருந்ததைவிட இது மிகவும் குறைவு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

புதிய காரைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. சிட்டி போன்ற பெரிய செடான்கள் 40 சதவீதத்தில் இருக்கின்றன. அதற்கு மேல் தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி, 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட பின், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். அதனால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு டிசையர் வகைச் சிறு செடானே கணக்கில் கொள்ளத்தக்கது. எட்டு லட்சம் விலையுள்ள ஒன்று வரி, இன்சூரன்ஸ் சேர்ந்து ஒன்பதரை லட்சமாகி, ஐந்து ஆண்டில் பாதி விலைக்குப் போகும் என்றால் ஆண்டுக்கு 95,000 கரைகிறது. ஏழு லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டு கட்டினால், மாதம் 14,530 ரூபாய் வீதம் வட்டி மட்டும் 1,72,000 ஆகிறது. அதாவது ஆண்டுக்கு 34,000. ஆக மொத்தம் 1,29,000.

இங்கே பெட்ரோல் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். எங்கள் சிட்டி லிட்டருக்கு 13 தருகிறது. புதிய சிறு செடான் நடைமுறையில் 18 தரும் என்றும், லிட்டர் நூறு ரூபாய் என்றும் கொண்டால், 9,000 கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 ரூபாய் மிஞ்சும். அதைக் கழித்த பின்னும் புதிய கார் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகவே நிற்கிறது. ஆனால் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 42,000 ரூபாயைத் தாண்டுகிறது. அவருடைய பழைய காரின் தேய்மானச் செலவும் இரட்டிப்பாகும். திருப்பூருக்கும் பொள்ளாச்சிக்கும் அன்றாடம் போய்வருகிறவர் என்னுடைய முடிவைப் பின்பற்றினால் அவருக்கு நட்டமே மிஞ்சும்.

எண்களுக்குள் அடங்காத ஒன்று பாதுகாப்பு. உண்மையில் என்னை அதிகம் தடுமாற வைத்ததும் அதுவே. 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ், அதாவது அழுத்தி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, கட்டாயம். 2022 ஜனவரி முதல் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம். புதிய டிசையர் 2024இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதில் ஆறு காற்றுப்பைகளும், கார் வழுக்கும்போது நிலைப்படுத்தும் அமைப்பும் எல்லா வகைகளிலும் உண்டு. எங்கள் சிட்டியில் ஏபிஎஸ்ஸும் இரண்டு காற்றுப்பைகளும் இருக்கின்றன. அந்த வழுக்கல் தடுப்பு அமைப்பு இல்லை. ஏபிஎஸ் கூட இல்லாத பழைய செடான் ஒன்றை வைத்துக்கொண்டு, மழையில் நெடுஞ்சாலைப் பயணம் அடிக்கடி செய்கிற குடும்பமாக இருந்தால், பணக்கணக்கு எப்படி வந்தாலும் அந்தக் காரை மாற்றச் சொல்வேன்.

காற்றுப்பை பற்றி இன்னொன்று. தகாட்டா நிறுவனம் தயாரித்த, காற்றுப்பையை விரியச் செய்யும் இன்ஃபிளேட்டர்களை மாற்றித் தருவதற்காக உலகெங்கும் பல நிறுவனங்களின் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் எங்கள் கார் தயாரான காலத்துச் சிட்டிகளும் அவற்றில் அடங்கும். ஆண்டுகள் கூடக்கூட, குறிப்பாக வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில், உள்ளிருக்கும் வேதிப்பொருள் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறக்கூடும் என்பதே அதற்குக் காரணம். இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கும் கார்கள் பலவற்றுக்கு இந்த அழைப்பு போய்ச் சேர்ந்திராது. சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்திலோ ஷோரூமிலோ பார்த்துக்கொள்ளலாம். மாற்றித் தருவதற்குக் கட்டணம் இல்லை. பழைய காரை வைத்துக்கொள்ளப் போகிறவர் வேறு எதற்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது வழியின் பெரிய இடர், வாங்கும் காரின் கடந்த காலம் நமக்குத் தெரியாமல் இருப்பது. ஓடோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது எளிது. ஆகவே சர்வீஸ் பதிவையும், ஸ்டீயரிங், பெடல் ரப்பர், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானத்தையும் எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் புயல் மழையில் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் பல ஊர்களின் சந்தைக்கும் வந்திருக்கக்கூடும் என்பதால், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். நான் போய்ப் பார்த்த ஐந்து கார்களில் ஒன்று இந்தச் சோதனையிலேயே நின்றுவிட்டது. இன்னொன்றில் டயர்கள் புதிதுபோலத் தெரிந்தாலும், பக்கவாட்டில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கம் 2018 என்று காட்டியது. எங்கள் காரின் ஒவ்வொரு ரசீதும் என்னிடம் இருக்கிறது. அந்த அறிவுக்கு நான் கொடுக்கும் விலை ஆண்டுக்கு இருபத்து மூவாயிரத்துக்குக் குறையாது.

சட்ட நிலையைப் பற்றித் தேவையற்ற அச்சம் பரவியிருக்கிறது. டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் காருக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் காருக்கும் எதிராக நீதிமன்ற உத்தரவுகள் பிறந்ததால், எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று பலர் எண்ணி, நல்ல கார்களை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அத்தகைய வயதுத் தடை இல்லை. பதிவுக்காலம் முடிவதற்கு அறுபது நாளுக்குள் படிவம் 25இல் விண்ணப்பித்து, காரை ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஆர்.சி. புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். இருபது ஆண்டைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. காரைப் பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றால், புதிய காரின் வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகள் மாநிலங்களுக்கு இடமளிக்கின்றன. ஆனால் ஓடுகிற நிலையிலுள்ள காரை அதற்காக உடைக்கக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதன்று.

இன்சூரன்ஸில், 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2022 ஜூன் முதல் வரி நீங்கலாக 3,416 ரூபாய். காரின் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை விட்டுவிடலாமா என்பது தனிக் கேள்வி. இந்த வயதில் உலோகப் பாகங்களுக்கும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பாதியளவே கிடைக்கும். இருந்தும் வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் அஞ்சி நான் அதைத் தொடர்கிறேன்.

பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதமானது பழைய காருக்கு எதிரான வாதமாக முன்வைக்கப்படுகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு வடிவமைக்கப்பட்டு 10 சதவீதக் கலவைக்குச் சீர்செய்யப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று கூறியது. ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் நீண்ட ஓட்டத்துக்குப் பின் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதை பெட்ரோலியத் துறையும் ஒப்புக்கொண்டது. ஆகவே ஃபியூயல் ஹோஸ்களை வெடிப்பு தெரியும் வரை காத்திராமல் மாற்றிவிட்டேன். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தும் பழக்கத்தையும் விட்டேன்.

பாகங்கள் கிடைக்குமா என்பதில் காருக்குக் கார் பெரிய வேறுபாடு உண்டு. ஏராளமாக விற்ற சிட்டிக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஷெவர்லே 2017இல் இந்திய விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021இல் இங்கு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அவற்றின் செடான்களை வைத்திருப்பவர்கள் பெரிய செலவு செய்வதற்கு முன் பாடி பாகங்களும் எலக்ட்ரானிக் பாகங்களும் கிடைக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கழற்றிய கண்ணாடி, ஹெட்லைட், கதவு, ஆல்டர்னேட்டர் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை சார்ந்த எதையும், ரப்பரால் ஆன எதையும் அங்கே வாங்கக் கூடாது.

நாங்கள் முதல் வழியையே எடுத்தோம். செய்த வேலைகளிலேயே மிகவும் அவசியமானது குளிர்விக்கும் அமைப்பு என்பதை என் தவறிலிருந்தே அறிந்திருந்தேன். கூலன்ட் மாற்ற வேண்டிய காலத்தைக் கடத்தி, இறங்கியபோதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி வந்ததன் விளைவாக, சில ஆண்டுகளுக்கு முன் பழனியிலிருந்து திரும்பும் வழியில் உடுமலைக்கு அருகே ஹோஸ் பிய்த்துக்கொண்டு, பெற்றோரோடு இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம். உடனே என்ஜினை அணைத்ததால் ஹெட் தப்பியது. இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமிருந்திருக்காது. ஆகவே இம்முறை ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னேன். கிளட்ச்சுக்காகக் கியர் பெட்டியை இறக்கியபோதே என்ஜின் மவுன்ட்டையும், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிக்கொண்டதால் கூலி ஒரு முறையோடு முடிந்தது. ஏசி கூலிங் காயிலைக் கோடை வரை தள்ளி வைத்தோம்.

இந்த முடிவுக்கு எல்லையும் வகுத்து, ரசீதுகள் வைக்கும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஹெட்டைத் திறக்க வேண்டிய நிலை வந்தாலோ, தாங்கு சட்டத்தில் துரு உள்ளே இறங்கினாலோ, ஏதேனும் ஓர் ஆண்டில் எதிர்பாராத செலவு 60,000 ரூபாயைத் தாண்டினாலோ, மேற்கொண்டு செலவு செய்யாமல் காரைக் கொடுத்துவிட்டுச் சிறு செடானைப் பதிவு செய்வது என்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மகள் ஓட்டக் கற்று, தனியாக நெடுஞ்சாலையில் போகத் தொடங்கும் நாளும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.